நீரில் உள்ள நுண்ணளவுச் சேர்மங்களைத் திரட்ட எந்தக் கவர்பொருள்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குடிநீரிலும் ஆற்றுநீரிலும் பூச்சிக்கொல்லி, ஃபீனால் போன்றவற்றை ரிவர்ஸ்டு ஃபேஸ் எச்பிஎல்சியில் (எண்ணெய்த்தன்மையுள்ள தூள் நிரப்பிய குழலில் கரைசலை உயர் அழுத்தத்தில் ஓட்டிச் சேர்மங்களைப் பிரிக்கும் முறை) அளப்பவர்களுக்காக இந்தப் பக்கம். சேர்மங்களைப் பிரிக்கும் முதன்மைக் குழலைப் பிரிகைக் குழல் என்றும், அதற்கு முன்னால் நீரிலிருந்து அவற்றைப் பிடித்துச் சேர்க்கும் சின்னக் குழலை முன்குழல் என்றும் சொல்கிறேன். முன்குழலில் நிரப்பும் தூள்தான் கவர்பொருள்.

நீரை நேரடியாக ஊசியில் ஏற்றினால் போதாதா?

யூவி டிடெக்டர் (சேர்மங்கள் புற ஊதா ஒளியை உறிஞ்சுவதை அளப்பது) வைத்திருந்தால் போதாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் குடிநீரில் எந்த ஒரு பூச்சிக்கொல்லியும் லிட்டருக்கு 0.1 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது, எல்லாம் சேர்ந்து 0.5-ஐத் தாண்டக் கூடாது. இந்தியாவில் பாட்டில் குடிநீருக்கான ஐஎஸ் 14543 தரநிலையிலும் இதே எண்கள்தான். அந்த வரம்பில் இருக்கும் நீரில் 20 மைக்ரோலிட்டர் ஏற்றினால் உள்ளே போவது 2 பிகோகிராம். யூவி டிடெக்டருக்கோ நானோகிராம் கணக்கில் வேண்டும். அதே நீரில் 100 மில்லிலிட்டரை முன்குழல் வழியாக ஓட்டி, பிடிபட்டதை அப்படியே பிரிகைக் குழலுக்குத் தள்ளினால் 10 நானோகிராம் கிடைக்கும். 5000 மடங்கு வித்தியாசம்.

டேண்டம் மாஸ் டிடெக்டர் (மூலக்கூறின் நிறையை வைத்து மிக நுண்ணிய அளவையும் காண்பது) உள்ள ஆய்வகங்கள் இப்போது பல சேர்மங்களை நேரடியாகவே ஏற்றி அளக்கின்றன. அவர்களுக்குத் திரட்டலின் தேவை குறைந்திருக்கிறது, இல்லாமல் போகவில்லை.

கார்ட்ரிட்ஜில் தனியாகத் திரட்டுவதற்கும் கருவியோடு இணைத்துத் திரட்டுவதற்கும் என்ன வேறுபாடு?

கார்ட்ரிட்ஜ் என்பது கவர்பொருள் நிரப்பிய, கருவியோடு இணையாத சிறு குழாய். அந்த முறையில் 500 மில்லிலிட்டர் நீரை ஓட்டி, மெத்தனாலில் கழுவி எடுத்து, அரை மில்லிலிட்டராகச் சுண்ட வைத்து, அதில் 20 மைக்ரோலிட்டரைத்தான் ஏற்றுகிறோம். 0.1 மைக்ரோகிராம் வரம்பில் கார்ட்ரிட்ஜ் பிடித்தது 50 நானோகிராம். டிடெக்டர் பார்ப்பது 2 நானோகிராம். மிச்சம் குப்பியிலேயே தங்கிவிடும். ஓட்டத்தின் பாதையைத் திருப்பும் ஆறு வழி வால்வில் முன்குழலை மாட்டினால் பிடித்தது முழுவதும் டிடெக்டருக்குப் போகும். ஐந்தில் ஒரு பங்கு நீரே போதும். ஆனால் அப்போது முன்குழலில் என்ன தூள் இருக்கிறது என்பது பீக்கின் (ஒரு சேர்மம் டிடெக்டரைக் கடக்கும்போது வரைபடத்தில் எழும் முகடு) வடிவத்தையும் பாதிக்கும். கார்ட்ரிட்ஜ் முறையில் இந்தச் சிக்கல் இல்லை.

அதிகம் பிடிக்கும் கவர்பொருளை வாங்கிவிட்டால் வேலை முடிந்ததா?

இல்லை. இந்தப் பக்கத்தில் எதையாவது ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்வதென்றால் இதை வையுங்கள்: உங்கள் பட்டியலில் நீரை அதிகம் விரும்பும் சேர்மம் எதுவோ, அதைத் தேவையான கன அளவு வரை கசியாமல் பிடிக்கும் கவர்பொருள்களில் பிடிப்பு மிகக் குறைவானதைத் தேர்ந்தெடுங்கள். அதற்கு மேல் வரும் ஒவ்வொரு பங்கு பிடிப்புக்கும் ஒரு விலை உண்டு. ஹியூமிக் அமிலம் (ஆற்றுநீரில் உள்ள, இலை மக்கிய எச்சம்) கூடச் சேரும், பீக் அகலும், பிடித்ததைக் கழற்ற வலுவான கரைப்பான் தேவைப்படும். விற்பனைக் கையேடுகள் பிடிப்பைப் பற்றியே பேசும். கழற்றுவதைப் பற்றி நாம்தான் கேட்க வேண்டும்.

கசிவு எப்போது தொடங்கும்? கணக்குப் போட முடியுமா?

தோராயமாக முடியும். ஒரு சேர்மம் முன்குழலின் மறுமுனைக்கு வந்து சேர ஆகும் நீரின் அளவு, குழலின் காலி இடத்தை (1 + பிடிப்புக் காரணி) என்பதால் பெருக்கினால் வருவது. பிடிப்புக் காரணி என்பது சேர்மம் நீரில் இருப்பதைப் போல் எத்தனை மடங்கு தூளில் ஒட்டியிருக்கிறது என்ற எண்; இங்கே மெத்தனால் கலக்காத வெறும் நீரில் உள்ள மதிப்பு. அதை நேரடியாக அளப்பது கடினம். மெத்தனால் சதவீதத்தை மாற்றி மாற்றி அளந்து, கோட்டைச் சுழியம் வரை நீட்டி எடுப்பார்கள்.

10 மில்லிமீட்டர் நீளம், 3 மில்லிமீட்டர் உள்விட்டம் கொண்ட முன்குழலை எடுத்துக்கொள்வோம். மொத்தக் கன அளவு 71 மைக்ரோலிட்டர். அதில் 70 சதவீதம் காலி இடம் என்றால் சுமார் 50 மைக்ரோலிட்டர். பிடிப்புக் காரணி 100 உள்ள சேர்மம் 5 மில்லிலிட்டரிலேயே மறுமுனைக்கு வந்துவிடும். 1000 என்றால் 50 மில்லிலிட்டர். 100 மில்லிலிட்டர் ஓட்ட வேண்டுமானால் 2000-க்குக் குறையாமல் வேண்டும்.

உண்மையில் இதைவிடவும் அதிகம் வேண்டும். மேலே சொன்னது பீக்கின் நடுப்பகுதி வந்து சேரும் இடம். அதன் முன்விளிம்பு முன்னதாகவே வந்துவிடும். இவ்வளவு குட்டைக் குழலில் தியரிட்டிக்கல் பிளேட் எண்ணிக்கை (குழலின் பிரிக்கும் திறனைக் காட்டும் எண்) மிகக் குறைவு. 20 பிளேட் என்று வைத்தால், கணக்கில் வந்த அளவில் பாதியைச் சற்றுத் தாண்டியதுமே கசிவு தொடங்கிவிடும். ஆகவே கணக்கில் வருவதைப் பாதியாக்கித் திட்டமிடுவதே பாதுகாப்பு.

சி18 சிலிக்காவுக்கு இன்னும் இடம் இருக்கிறதா?

நிச்சயமாக இருக்கிறது. சி18 என்பது பரப்பில் 18 கார்பன் சங்கிலிகளை ஒட்டிய சிலிக்கா. 1978-இல் வாட்டர்ஸ் நிறுவனம் செப்-பேக் கார்ட்ரிட்ஜை விற்பனைக்குக் கொண்டுவந்த பிறகு, நீர்ப் பரிசோதனை என்றாலே சி18 என்று ஆனது. அட்ராசின் என்ற களைக்கொல்லி (ஆக்டனால்-நீர்ப் பங்கீட்டு மடக்கை சுமார் 2.6; இந்த எண் கூடக் கூட எண்ணெய்த்தன்மை கூடும்) போன்றவற்றுக்கும் அதைவிட எண்ணெய்த்தன்மை கூடியவற்றுக்கும் இன்றும் அதுவே போதும். பிரிகைக் குழலிலும் சி18-தான் இருக்கும் என்பதால் இரண்டும் ஒத்துப்போய் பீக் கூர்மையாக வரும். ஹியூமிக் அமிலமும் குறைவாகவே ஒட்டும்.

சிக்கல் அட்ராசின் மண்ணில் சிதைந்து உருவாகும் பொருள்களில்தான். டிஎத்தில்அட்ராசினின் மடக்கை 1.5, டிஐசோபுரோப்பில்அட்ராசினுடையது 1.1 அளவில்தான். நிலத்தடி நீரில் தாய்ச்சேர்மத்தோடு சேர்த்து இவற்றையும் தேட வேண்டும். சிறிய சி18 முன்குழலில் 100 மில்லிலிட்டர் ஓட்டினால் இவை பெரும்பாலும் கழிவுப் பாத்திரத்துக்குத்தான் போகும். ஃபீனாலும் (1.46) அப்படியே. ஆக்சமில் போன்ற கார்பமேட்டுகளின் மடக்கை சுழியத்துக்கும் கீழே. அவற்றைச் சி18-இல் எதிர்பார்க்கவே வேண்டாம்.

இன்னும் இரண்டு குறைகள். சிலிக்காவை பிஎச் 2-க்கும் 8-க்கும் இடையில் வைத்திருக்க வேண்டும். மேலும், மெத்தனாலில் நனைத்த பின் நீர் ஓட்டுவதற்குள் காய்ந்துவிட்டால் பிடிப்பு சரிந்துவிடும். மறுபடி மெத்தனாலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

ஸ்டைரீன்-டைவினைல்பென்சீன் பாலிமர் எதனால் கூடுதலாகப் பிடிக்கிறது?

சி18 பரப்பில் இருப்பது நீண்ட ஹைட்ரோகார்பன் சங்கிலி. பாலிமரின் உடல் முழுவதும் பென்சீன் வளையங்கள். வளையம் உள்ள சேர்மங்கள் அவற்றோடு பை எலக்ட்ரான்கள் வழியாகவும் ஒட்டுகின்றன, பரப்பளவும் கூடுதல். சி18-ஐ ஒப்பிட்டால், நீரில் பிடிப்பு பல சேர்மங்களுக்கு 20 முதல் 40 மடங்கு வரை கூடும். மேலே போட்ட கணக்கில் 5 மில்லிலிட்டரில் நழுவிய சேர்மம் இங்கே 100 முதல் 200 மில்லிலிட்டர் வரை நிற்கும். முன்குழலின் அளவை மாற்றவே இல்லை என்பதைக் கவனியுங்கள்.

இந்தக் குடும்பத்தின் வரலாறு 1970-களின் தொடக்கத்தில் அயோவா மாநிலத்தின் ஏம்ஸ் நகரில் தொடங்குகிறது. ஊர்க் கிணற்று நீரில் தார் வாடை வீசியதன் காரணத்தைத் தேடிய ஃபிரிட்ஸ், ஜங்க் முதலானோர், எக்ஸ்ஏடி-2 பிசின் மணிகளில் நீரை ஓட்டிப் பழைய நிலக்கரி வாயு ஆலையின் எச்சங்களைப் பிடித்தார்கள். எக்ஸ்ஏடி-2-இன் பரப்பு கிராமுக்குச் சுமார் 300 சதுர மீட்டர். ஆனால் அந்த மணிகள் பெரியவை. தயாரிப்பின்போது தங்கிய நாஃப்தலீன் போன்ற அழுக்கும் அவற்றில் உண்டு. மெத்தனால், அசிட்டோநைட்ரைல், ஈதர் என்று வரிசையாகச் சாக்ஸ்லெட்டில் கழுவிய பிறகே பயன்படுத்த முடியும். பின்னால் வந்த பிஆர்பி-1, பிஎல்ஆர்பி-எஸ் ஆகியவை நுண்ணிய, தூய்மையான, எச்பிஎல்சி அழுத்தத்தைத் தாங்கும் மணிகள்.

பிஎல்ஆர்பி-எஸ் பெயர் பெற்றது ரைன் ஆற்றால். 1986 நவம்பர் 1 அன்று பாசல் அருகே ஷ்வைட்சர்ஹாலேயில் சாண்டோஸ் கிடங்கு தீப்பிடித்தது. தீயை அணைக்க அடித்த நீரோடு டன் கணக்கில் பூச்சிக்கொல்லிகள் ஆற்றில் கலந்தன. ஆற்று நெடுகிலும் விலாங்கு மீன்கள் செத்து மிதந்தன. அதற்குப் பிறகு ரைன் நீரை ஓயாமல் கண்காணிக்கும் தேவை அழுத்தமாக எழுந்தது. ஆம்ஸ்டர்டாம் சுதந்திரப் பல்கலைக்கழகத்தில் ஊடோ பிரிங்க்மனின் குழு வளர்த்தெடுத்த சாமோஸ் என்ற தானியங்கி அமைப்பு, 100 மில்லிலிட்டர் ஆற்றுநீரைப் பிஎல்ஆர்பி-எஸ் முன்குழலில் ஓட்டி, பல அலைநீளங்களை ஒரே நேரத்தில் பார்க்கும் டையோடு அர்ரே டிடெக்டரில் பார்த்தது. மனிதர் தொடாமல், சி18-இல் நழுவும் சேர்மங்களையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும் என்ற தேவைக்கு இந்தப் பாலிமர் சரியாகப் பொருந்தியது.

பரப்பளவு 1000 சதுர மீட்டர் என்று விற்கிறார்களே?

லைகுரோலூட் இஎன் போன்றவை குறுக்குப் பிணைப்பு மிக அதிகம் உள்ள பாலிமர்கள். கிராமுக்கு 1000-க்கும் மேல். ஃபீனால், டிஐசோபுரோப்பில்அட்ராசின் இரண்டையும் பெரிய கன அளவில் பிடிக்க இவை உதவும். கார்ட்ரிட்ஜ் முறைக்கு மிகவும் ஏற்றவை. முன்குழலாக வைத்தால் பீக் அகல்வது கண்ணுக்குத் தெரியும்.

ஓயசிஸ் எச்எல்பி-யில் என்ன சிறப்பு?

1996-இல் வாட்டர்ஸ் கொண்டுவந்தது. டைவினைல்பென்சீனோடு என்-வினைல்பைரோலிடோன் சேர்த்த பாலிமர். பரப்பு கிராமுக்குச் சுமார் 800 சதுர மீட்டர். பைரோலிடோன் இருப்பதால் நீர் அதன் துளைகளுக்குள் எளிதாகப் போகும். நடுவில் காய்ந்தாலும் மீட்பு சதவீதம் (சேர்த்ததில் திரும்பக் கிடைக்கும் பங்கு) சரிவதில்லை. ஒரே நேரத்தில் பத்துப் பன்னிரண்டு கார்ட்ரிட்ஜ்களை வெற்றிடப் பெட்டியில் ஓட்டுபவர்களுக்கு இது பெரிய நிம்மதி. ஒன்று மெதுவாகவும் ஒன்று வேகமாகவும் ஓடும்போது ஏதாவது ஒன்று காய்வது சகஜம். அமிலம், காரம், நடுநிலை மூன்றும் கலந்த பட்டியலுக்கு ஒரே ஒரு கார்ட்ரிட்ஜை மட்டும் வாங்க முடியும் என்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

கார்பன் எப்போது?

மற்ற எல்லாம் கைவிட்ட பிறகு. ஆனால் அப்போது அது செய்வதை வேறெதுவும் செய்யாது.

இரண்டு வகை உண்டு. முதலாவது கிராஃபைட் ஆக்கிய கரித்தூள், பரப்பு கிராமுக்குச் சுமார் 100 சதுர மீட்டர். ரோமில் அந்தோனியோ தி கோர்ச்சியாவின் குழு இதை நீர்ப் பரிசோதனைக்கு நெடுங்காலம் பயன்படுத்தியது. இதன் பரப்பில் நேர்மின் சுமையுள்ள இடங்கள் சில இருப்பதால் அமிலக் களைக்கொல்லிகளை அயனிகளாகவே பிடித்துக்கொள்ளும். முதலில் டைகுளோரோமீத்தேன்-மெத்தனால் கலவையால் நடுநிலைச் சேர்மங்களை எடுத்து, பிறகு அதே கலவையில் அமிலம் சேர்த்து மற்றவற்றை எடுக்கலாம். ஒரே கார்ட்ரிட்ஜில் இரண்டு பிரிவு. இந்தத் தூள் எளிதில் நொறுங்கும். எச்பிஎல்சி அழுத்தத்துக்கு ஆகாது.

இரண்டாவது துளையுள்ள கிராஃபைட் கார்பன். எடின்பரோவில் ஜான் நாக்ஸ் இதை உருவாக்கிய வழி அழகானது. துளையுள்ள சிலிக்கா மணிக்குள் ஃபீனால்-ஃபார்மால்டிஹைடு பிசினை நிரப்பி, கரியாக்கி, சிலிக்காவைக் காரத்தில் கரைத்து வெளியேற்றி, மிஞ்சிய கார்பனை 2000 டிகிரிக்கு மேல் சூடாக்கினார். சிலிக்காவின் துளைகள் இருந்த இடத்தில் கார்பனும், சிலிக்கா இருந்த இடத்தில் துளையும் வந்தன. ஹைப்பர்கார்ப் என்ற பெயரில் கிடைப்பது இதுதான்.

இதில் வழக்கமான விதி தலைகீழாகும். பென்சீன் வளையத்தில் மூன்று ஹைட்ராக்சில் உள்ள ஃபுளோரோகுளூசினோல் சி18-இல் நிற்கவே நிற்காது. இந்தக் கார்பனில் ஃபீனாலைவிட வலுவாக நிற்கும். தட்டையான மூலக்கூறு தட்டையான பரப்பில் முழுவதுமாகப் படிவதும், முனைவுள்ள தொகுதிகள் கார்பனின் எலக்ட்ரான்களைத் தூண்டுவதும் காரணம். ஆகவே பங்கீட்டு மடக்கையை வைத்துக் கார்பனின் பிடிப்பை ஊகிக்காதீர்கள். இன்னொரு நிபந்தனை: முன்குழலில் இதை வைத்தால் பிரிகைக் குழலும் இதுவாகவே இருப்பது நல்லது.

முன்குழலும் பிரிகைக் குழலும் ஒத்துப்போகாவிட்டால் என்ன ஆகும்?

பாலிமர் முன்குழலும் சி18 பிரிகைக் குழலும் உள்ள அமைப்பில் கிரேடியன்ட் (கரைப்பானின் வலுவைப் படிப்படியாகக் கூட்டும் ஓட்டம்) தொடங்குகிறது என்று வைப்போம். 30 சதவீத அசிட்டோநைட்ரைல் சி18-இல் அட்ராசினை நகர்த்தும். பாலிமரிலோ அது இன்னும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கழன்றுகொண்டிருக்கும். முதலில் கழன்றது சி18-இல் முன்னே போய்விடும், பிந்திக் கழன்றது பின்னால் வரும். விளைவு, அகன்று வால் நீண்ட பீக். இதன் தலைகீழ் நிலையில், அதாவது முன்குழல் பிரிகைக் குழலைவிடக் குறைவாகப் பிடிக்கும்போது, கழன்றதெல்லாம் பிரிகைக் குழலின் தலைப்பில் மறுபடி குவிந்து கூர்மையாகும்.

பாலிமரை விட முடியாதபோது மூன்று வழிகள். முன்குழலைச் சின்னதாக்குங்கள். ஏற்றிய திசைக்கு எதிர்த்திசையில் கழுவுங்கள். சேர்மங்கள் நுழைமுகத்தில்தான் குவிந்திருக்கும், அவை முழு நீளத்தையும் கடக்க வேண்டியதில்லை. சிறந்தது மூன்றாவது: கிரேடியன்டின் அசிட்டோநைட்ரைலை மட்டும் முன்குழல் வழியாக அனுப்பி, அதற்குப் பிறகு நீரோடு கலந்து பிரிகைக் குழலுக்கு விடுவது. முன்குழல் வலுவான கரைப்பானைப் பார்க்கிறது, பிரிகைக் குழல் இலேசான கலவையைப் பார்க்கிறது. குழாய் இணைப்பு கொஞ்சம் சிக்கலாகும், ஆனால் செய்து பார்த்தவர்கள் விடமாட்டார்கள்.

குரோமட்டோகிராமின் தொடக்கத்தில் மேடு போல எழும்புகிறதே, அது என்ன?

ஹியூமிக், ஃபுல்விக் அமிலங்கள். இலை மக்கிய எச்சம் எந்த ஆற்றுநீரிலும் இருக்கும். பிஎச் 7-இல் இவை அயனிகளாக இருப்பதால் பெரும்பகுதி நழுவிவிடும். பிஎச் 3-க்கு அமிலமாக்கினால் சுமை இழந்து பாலிமரில் நன்றாக ஒட்டி, பிறகு 210-220 நானோமீட்டரில் பெரிய மேடாக வரும். டிஐசோபுரோப்பில்அட்ராசின் போன்ற முதலில் வரும் பீக்குகள் அதில் புதைந்துபோகும்.

அதனால் பழக்கத்துக்காக எல்லா மாதிரியையும் அமிலமாக்காதீர்கள். டிரையசின்களுக்கு (அட்ராசின் குடும்பம்) தேவையில்லை. ஃபீனாலின் பிகேஏ (பாதி மூலக்கூறுகள் அயனியாகும் பிஎச்) சுமார் 10. பிஎச் 7-லேயே அது நடுநிலையாகத்தான் இருக்கிறது. பென்டாகுளோரோஃபீனாலுக்கு (4.7) அமிலமாக்க வேண்டும். 2,4-டி-க்கு (சுமார் 2.7) இன்னும் கீழே போக வேண்டும். ஒரே மாதிரியில் இரண்டு வகையும் இருந்தால் இரண்டு ஓட்டமாகப் பிரிப்பதே என் விருப்பம்.

இரண்டு கவர்பொருள்களை நியாயமாக ஒப்பிடுவது எப்படி?

ஒரே அளவுள்ள குழல்களில் நிரப்புங்கள். 500 மில்லிகிராம் சி18-ஐ 200 மில்லிகிராம் பாலிமரோடு ஒப்பிடும் அட்டவணைகளைப் பார்க்கிறோம்; பாலிமர் இலேசானது, ஒரே எடைக்குக் கூடுதல் இடத்தை அடைக்கும். எந்த அடிப்படையில் ஒப்பிடுகிறோம் என்று எழுதாவிட்டால் அந்த எண்களுக்குப் பொருள் இல்லை.

பிறகு, சேர்மத்தின் எடையை மாற்றாமல் நீரின் அளவை மட்டும் கூட்டிக்கொண்டே போங்கள். 50 நானோகிராமை 5 மில்லிலிட்டரில் கலந்து ஓட்டுங்கள், அடுத்து அதே 50 நானோகிராமை 25-இல், 50-இல், 100-இல், 200-இல். பீக்கின் பரப்பு மாறாமல் இருக்கும்வரை கசிவு இல்லை. எந்த அளவில் சரியத் தொடங்குகிறதோ அதுதான் எல்லை. செறிவு உங்கள் உண்மையான மாதிரிக்கு அருகிலேயே இருப்பதால், நேரடிக் கசிவு வளைவைவிட இந்த முறையை நான் நம்புகிறேன்.

சோதனைக்கு ஆக்சமில், டிஐசோபுரோப்பில்அட்ராசின், ஃபீனால், அட்ராசின், கடைசியில் ஃபுளோராந்தீன் போன்ற எண்ணெய்த்தன்மை மிகுந்த ஒன்று என வரிசையாக வையுங்கள். முதலில் தூய நீரில், அடுத்து அதையே ஆற்றுநீரில். தூய நீரில் மட்டும் செய்த ஒப்பீட்டை வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

ஃபுளோராந்தீனின் மீட்பு ஏன் குறைகிறது? அதைத்தானே எல்லாமே நன்றாகப் பிடிக்க வேண்டும்?

கவர்பொருளுக்கு வந்து சேரும் முன்பே புட்டியிலும் டெஃப்லான் குழாயிலும் ஒட்டிவிடுகிறது. மாதிரியில் 10 முதல் 20 சதவீதம் ஐசோபுரோப்பனால் சேர்த்தால் வந்து சேரும். அதே ஐசோபுரோப்பனால் ஃபீனாலைக் கசிய வைக்கும் என்பதால் இரண்டையும் ஒரே ஓட்டத்தில் அளக்க முயலாதீர்கள். வடிகட்டியையும் சோதியுங்கள், நைலான் வடிகட்டி ஃபீனால்களைப் பிடித்துக்கொள்ளும்.

மூலக்கூறு அச்சுப் பாலிமர், எதிர்ப்புரதம் பதித்த சிலிக்கா?

முதலாவது, ஒரு மூலக்கூறை அச்சாக வைத்து அதன் வடிவத்தில் குழிகள் விட்ட பாலிமர்; இரண்டாவது, குறிப்பிட்ட சேர்மத்தையே பிடிக்கும் எதிர்ப்புரதம் பதித்தது. ஒரே குடும்பச் சேர்மங்களை அழுக்கு நீரிலிருந்து தனித்தெடுக்க அருமையானவை. பாரிசில் மரி-கிளேர் என்னியோனின் குழு எதிர்ப்புரதங்களைச் சிலிக்காவில் பதித்துச் செய்த வேலைகளில் ஹியூமிக் மேடு கிட்டத்தட்ட மறைந்துவிடுவதைக் காணலாம். அச்சுப் பாலிமரில் ஒரு தொல்லை: அச்சாக வைத்த மூலக்கூறு முழுவதும் வெளியேறாமல் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். நுண்ணளவு வேலையில் அது பொய்ப் பீக். அதனால்தான் அளக்க வேண்டிய சேர்மத்தை விட்டுவிட்டு அதன் நெருங்கிய உறவுச் சேர்மத்தை அச்சாக வைக்கிறார்கள்.

பெர்ஃபுளோரோ சேர்மங்களுக்கு எது?

இவை கார்பன் சங்கிலியில் ஹைட்ரஜனுக்குப் பதில் ஃபுளோரின் அணுக்கள் உள்ளவை. எது என்பது சங்கிலி நீளத்தைப் பொறுத்தது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் 537.1 முறை ஸ்டைரீன்-டைவினைல்பென்சீனைப் பயன்படுத்துகிறது. 2019-இல் வந்த 533 முறை வலுக்குறைந்த எதிரயனி மாற்றிப் பாலிமரைப் பயன்படுத்துகிறது. நான்கு கார்பன் உள்ள பெர்ஃபுளோரோபியூட்டனாயிக் அமிலம் இரண்டாவதில் மட்டும்தான் இருக்கிறது. அவ்வளவு சிறிய சங்கிலியை நம்பகமாக நிறுத்த அயனிக் கவர்ச்சி தேவை.

கிளைஃபோசேட்டையும் இதே முறையில் திரட்ட முடியுமா?

அப்படியே முடியாது. பங்கீட்டு மடக்கை மைனஸ் 3 அளவில் உள்ள களைக்கொல்லி அது. சி18-ஓ ஸ்டைரீன்-டைவினைல்பென்சீன் பாலிமரோ அதை நிறுத்தாது. பிஎச் 9 போரேட் கரைசலில் எஃப்எம்ஓசி குளோரைடு என்ற வினைபொருளோடு வினைபுரிய வைத்தால் மூலக்கூறில் ஃபுளோரீன் (fluorene) வளையம் சேர்ந்துவிடும். பிறகு பிஎச் 3 அளவுக்கு அமிலமாக்கினால் சி18 முன்குழலே பிடிக்கும். ஃபுளோரசன்ஸ் டிடெக்டரிலும் பார்க்கலாம். வினைப்பொருள் எண்ணெய்த்தன்மை கொண்டது என்பதால் வலுவான பாலிமர் தேவைப்படாது; மிஞ்சிய எஃப்எம்ஓசியும் அதன் ஆல்கஹாலும் முன்குழலில் சேர்ந்துகொள்ளும், ஆகவே கிளைஃபோசேட் பீக் வந்ததும் வால்வைத் திருப்பி அவற்றைக் கழிவுக்கு விட்டுவிடுங்கள்.